டோபமைன் கேப்சூல் வேண்டாம், வாந்தி மாத்திரையைக் கவனியுங்கள்

கேள்வி: அப்பத்தாவுக்கு (72) நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்). லெவோடோபா–கார்பிடோபா மாத்திரை மூன்று வேளை. குமட்டலுக்குக் கடையில் மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. கொடுத்தார்கள். ஒரு வாரமாக விறைப்பும் நடுக்கமும் கூடிவிட்டன. தெரிந்தவர் ஒருவர், ரத்தத்தில் டோபமைன் அளவு பார்த்து கேப்சூல் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? – வாசகி, தேவகோட்டை

பதில்: வாங்காதீர்கள். வினை அந்த வாந்தி மாத்திரையில்தான் இருக்கும்போலத் தெரிகிறது. டோபமைன் என்பது நரம்பணுக்கள் செய்தி கடத்தும் வேதிப்பொருள்; நடுக்குவாதத்தில் மூளையில் அது குறைந்துவிடுகிறது. ஒரு நரம்பணு டோபமைனை வெளிவிடும். சுமார் 20 நானோமீட்டர் இடைவெளியைத் தாண்டி அது அடுத்த அணுவில் தனக்கென உள்ள இடமான ஏற்பியில் உட்கார்ந்தால்தான் செய்தி போகும். மெட்டோகுளோபிரமைடு அந்த ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. பந்தியில் இடம்பிடித்தவர், தானும் சாப்பிடாமல் எழுந்தும் போகாமல் இருப்பதைப் போல. லெவோடோபாவிலிருந்து மூளை டோபமைன் தயாரித்தும் அதற்கு இடமில்லை. தலைசுற்றலுக்குச் சர்வசாதாரணமாகத் தரும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஃபுளூனரிசின் மூன்றும் இதே வேலையைச் செய்யும். சீட்டே கேட்காமல் இவற்றை எடுத்து நீட்டும் கடைகளை யார் தட்டிக்கேட்கிறார்கள்?

டாக்டரிடம் இன்றே சொல்லி மெட்டோகுளோபிரமைடை நிறுத்துங்கள். விறைப்பு குறையச் சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். மாற்றாக டாம்பெரிடோன் உண்டு. மூளைக்குள் அதிகம் நுழையாது. ஆனால் இதயத்துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் டாக்டர்தான் எழுத வேண்டும். லெவோடோபாவை மட்டும் திடீரென நிறுத்தவே கூடாது. கடுங்காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ரத்தத்தில் உள்ள டோபமைன் மூளையில் உள்ளதைக் காட்டாது. வாயால் விழுங்கும் டோபமைன் மூளைக்குப் போய்ச் சேராது. கேப்சூல் விற்பவருக்கு இதெல்லாம் எதற்கு, கமிஷன் வந்தால் போதும்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு: பூனைக்காலி. அதன் விதையில் நிஜமாகவே லெவோடோபா இருக்கிறது. அதனால்தான் சிலருக்குக் 'கேட்பது' போலத் தெரிகிறது. ஆனால் பொடிக்குப் பொடி அளவு மாறும். குமட்டலைக் குறைக்கும் கார்பிடோபா இல்லாததால் குமட்டல் அதிகமாகும். மாத்திரையோடு சேர்த்தால் அளவு மீறி உடம்பு தானாக முறுக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், இல்லாதது கண்ணில் தெரியும். விற்பவர் காட்டும் டப்பாவில் பூனைக்காலி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு கொடுங்கள். குமட்டினால் கூடவே ஒரு இட்லி போதும். மாத்திரையோடு பால், முட்டை, கறி வேண்டாம். புரதம் லெவோடோபாவோடு போட்டி போடும். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணிநேர இடைவெளி விடுங்கள். '1-1-1' என்று கிறுக்கித் தரும் சீட்டில் இதெல்லாம் இருக்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும். அடுத்தமுறை போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள், கடையில் வாங்கியவை உட்பட.