பாதி கருப்படித்த கட்டம்

அன்புள்ள ஐயா,

மனித மரபியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இரண்டாம் வருடம். வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனை ஓபியில் உட்கார்ந்து, வருகிற குடும்பங்களின் வம்சாவளிப் படம் வரைவதிலேயே போய்விடுகிறது. இதுவரை 212 சாம்பிள் சேர்த்திருக்கிறேன். என்னோடு எம்எஸ்சி படித்தவர்கள் அமெரிக்காவில் மாநாடு, பயிற்சி, விருது என்று இருக்கிறார்கள். எனக்கு உதவித்தொகையே நான்கு மாதம் பாக்கி. இந்தத் துறையில் இங்கே வாய்ப்பு உண்டா? இப்படி வெட்டியாகப் படம் வரைவதை விட்டுவிட்டு, கணினியில் மரபணுத் தரவுகளை ஆராயும் பக்கம் போய்விடலாமா?

ம.

அன்புள்ள ம.,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாய்ப்பு உண்டு. அமெரிக்க மனித மரபியல் சங்கம் 1948இல் தொடங்கியது. அதன் ஆண்டு மாநாட்டில் மாணவர்களின் ஆய்வுக்கென்றே சார்லஸ் எப்ஸ்டீன் என்ற மரபியல் மருத்துவரின் பெயரில் விருதுகள் தருகிறார்கள். ஐரோப்பியச் சங்கமும் இளம் ஆய்வாளர்கள் மாநாட்டுக்கு வந்துபோக உதவுகிறது. எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது உங்கள் ஆய்வின் சுருக்கத்தைத்தான். அதை இந்த வாரமே எழுதிவிடுங்கள். உதவித்தொகை பாக்கி பெரிய அநியாயம். ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையை மாதம் 37,000 ரூபாய் என்று 2023இல் உயர்த்தினார்கள், சரி, கைக்கு வராத பணத்தில் வாடகை கொடுக்க முடியாது. விடாமல் எழுதிக் கேளுங்கள்.

ஆனால் ‘வெட்டியாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. கோபமாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் துறையின் சங்கதி உங்களுக்குத் தெரியாததில்லை. எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம். 2003இல் அது இரண்டு இந்தியக் குடும்பங்களில் கண்ட சேதி, அவ்வளவுதான். 2009இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தவரும் ஹைதராபாத்தில் உள்ள உயிரணு ஆய்வு மையமான சிசிஎம்பியினரும் மற்றவர்களும் சேர்ந்து தேடியபோது, இந்தத் துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் அது இருப்பது தெரிந்தது. இதயம் செயலிழக்கும் ஆபத்தைக் கூட்டுகிற மாற்றம். யாரோ ஒருவர் அந்த இரண்டு குடும்பங்களோடு உட்கார்ந்து, உங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்ததா, பெரியப்பா எந்த வயதில் போனார் என்று கேட்டு எழுதிக்கொண்டதில் தொடங்கியது இது.

வாய்ப்பு அமெரிக்காவில்தான் என்கிறீர்கள். 2017இல் தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 சமூகங்கள், மிகச் சில முன்னோர்களிடமிருந்து பெருகியவை என்பதில், ஃபின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களையும் மிஞ்சி நின்றன. சொந்தத்தில் கட்டாவிட்டாலும் ஒரே நோய் திரும்பத் திரும்ப வரக்கூடிய சமூகங்கள் இவை. ஃபின்லாந்தில் இதை வைத்தே ஒரு பெரிய மருத்துவ மரபியலை வளர்த்திருக்கிறார்கள். நீங்கள் அந்தப் புதையல் மேல் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு வாய்ப்பு எங்கே என்று கேட்கிறீர்கள்.

கணினியும் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தியர்களின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேரின் தரவு 2025 ஜனவரியிலிருந்து ஃபரிதாபாத் தரவு மையத்தில் இருக்கிறது, விண்ணப்பித்துப் பெறலாம். ஆனால் அது ஆரோக்கியமானவர்களின் தரவு. ஒரு குழந்தையிடம் காணும் மாற்றம் நம் ஜனங்களிடம் சகஜமானதா, அபூர்வமா என்று அது சொல்லும். அந்தக் குழந்தையை அது கொண்டுவந்து தராது. குழந்தை ஓபியில் அம்மா மடியில் இருக்கிறது.

என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தாள், தாய்மாமனுக்கே வாக்கப்பட்டவள். மூன்று குழந்தைகள் பிறந்தன. மூன்றுக்கும் கழுத்து நிற்கவில்லை, பால் உறிஞ்சத் தெம்பில்லை, ஒரு வயதுக்குள் போய்விட்டன. இன்று பதினாறு கோடி ரூபாய் ஊசி என்று செய்தியில் வருகிறதே, எஸ்எம்ஏ என்ற அந்தத் தசை நலிவு நோயாக இருக்கலாம். அதற்கான மரபணு கண்டுபிடிக்கப்பட்டதே 1995இல்தான். ஊரில் அவளுக்கு ராசியில்லாதவள் என்று பெயர். நல்ல காரியங்களுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

1987இல் உங்களைப் போல ஒரு மாணவி வந்தார். திண்ணையில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. நான் பக்கத்தில் இருந்தேன். “ஏம்மா, எங்களுக்கு மட்டும் ரெண்டு கோடு போட்டிருக்கே?” என்றாள் அத்தை. சொந்தத்துக்குள்ளே கட்டினவங்களுக்கு அப்படித்தான் போடணும் என்று அந்தப் பெண் சொன்னார். கொஞ்சம் கழித்து அத்தை கேட்டாள், “தப்பு எம்மேலயா?”

அந்த மாணவி பென்சிலைக் கீழே வைக்கவில்லை. அத்தையின் வட்டத்தில் பாதியைக் கருப்படித்தார். பிறகு மாமாவின் கட்டத்திலும் பாதியைக் கருப்படித்தார். “பாதி உங்ககிட்ட இருந்து, பாதி அவருகிட்ட இருந்து. அவருக்கு அப்பா அம்மா, உங்களுக்குத் தாத்தா பாட்டி, அங்கேயிருந்து ரெண்டு பேருக்கும் வந்திருக்கும்மா. ரெண்டு பேருக்குமே தெரிய வழியில்லை” என்றார். அத்தை ஒரு பிரதி கேட்டாள். அவர் பொறுமையாக இன்னொரு தாளில் வரைந்து கொடுத்துவிட்டுப் போனார்.

212 சாம்பிள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் படத்தைக் காட்டி விளக்கினீர்கள்? இனி வருகிறவர்களுக்குக் காட்டுங்கள். அவசரமாகப் பேனாவால் கிறுக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் மாமா வயலிலிருந்து வந்ததும் அத்தை தாளை விரித்தாள். “மாமா, இது நீங்க, இது நான்” என்றாள். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “புள்ளைங்க எது?” என்று கேட்டார். அந்தக் குழந்தைகளைப் பற்றி அவர் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.