பப் இல்லாத ஊரில் சைக்கிள்காரர் எங்கே போய் உட்காருவது?

கேள்வி: எனக்கு 39 வயது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் சில ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்துவிட்டு, பெற்றோரைக் கவனித்துக்கொள்ள தருமபுரிக்கே திரும்பிவிட்டேன். அங்கே விடுமுறை நாட்களில் நண்பர்களோடு சைக்கிளில் மலைக் கிராமங்களுக்குப் போவோம். பப்பில் ஒரு கிளாஸ் பீர், சாப்பாடு, பேச்சு என்று பொழுது போகும். இங்கே சைக்கிளை எடுத்தால் போய்ச் சேர ஓர் இடம் இல்லை. காரில் பெங்களூரு பப்புக்குப் போய்வரலாம் என்கிறார் ஒரு நண்பர். பையில் பீர் பாட்டிலோடு ஒகேனக்கல்லுக்குச் சைக்கிளில் போகலாம் என்கிறார் இன்னொருவர். மனைவி இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. நான் ஆசைப்படுவது தவறா?
- ஒரு வாசகர், தருமபுரி

பதில்: ஆசையில் ஒரு தவறும் இல்லை, நண்பரே. நண்பர்கள் காட்டும் வழிதான் இரண்டுமே தவறு. அந்த விஷயத்தில் நான் உங்கள் மனைவியின் கட்சி.

முதலில் பெங்களூரு. குடித்துவிட்டு இரவில் அந்த நான்குவழிச் சாலையில், லாரிகளுக்கு நடுவே கார் ஓட்டி வருவதைப் பற்றிப் பேச எதுவுமில்லை. கூடவே கூடாது. என்றைக்காவது பப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், தருமபுரியிலிருந்து ஓசூர் வழியாக ரயில் இருக்கிறது. போய்த் தங்கிவிட்டு மறுநாள் வாருங்கள்.

ஒகேனக்கல் யோசனை அதைவிட ஆபத்தானது. நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டியதும் காட்டுக்குள் சாலை இறங்கிக்கொண்டே போகும். போகும்போது பெடலை மிதிக்கவே வேண்டாம் என்றிருக்கும். திரும்பும்போது அத்தனையும் ஏற்றம், அதுவும் உச்சி வெயிலில். மது உடம்பிலிருக்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடும் என்பதை செவிலியரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு அங்கே காவிரி இருக்கிறது. போதையோடு ஆற்றில் இறங்கியவர்களின் கதை நம் மாவட்டத்தில் யாருக்குத் தெரியாது?

இப்போது நீங்கள் நிஜமாகவே இழந்தது என்ன என்று பார்ப்போம். ஷெஃபீல்டிலிருந்து நீங்கள் போனது பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியாகத்தான் இருக்கும். 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மலைப்பகுதி அது. அங்கே சைக்கிளுக்கும் விடுதிக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1878இல் தொடங்கிய சைக்கிள் பயணிகள் சங்கம், தன் உறுப்பினர்களை நன்றாகக் கவனித்த விடுதிகளுக்குச் சிறகு வைத்த சக்கரம் பொறித்த தகடு கொடுத்தது. பழைய கட்டடங்கள் சிலவற்றில் இன்றும் அதைப் பார்க்கலாம். சேறு அப்பிய காலோடு நுழைந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பதற்கு அந்தத் தகடு உத்தரவாதம். உள்ளே மரப்பீப்பாயிலோ உலோகப் பீப்பாயிலோ மீண்டும் ஒருமுறை நொதித்து, 12 டிகிரி வாக்கில் பரிமாறப்படும் ‘ஏல்’ என்ற உள்ளூர் பீர். அதை யாரும் மடக்கென்று குடிப்பதில்லை. ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். அங்கேயும் நிதானம் தவறும் அளவுக்குக் குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டுவது, 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம்தான்.

ஆக, மிதித்துக் களைத்த உடம்புக்கு ஓர் இருக்கை, பெயர் சொல்லி அழைக்கும் கடைக்காரர், எழுந்து போகச் சொல்லாத நேரம். இவைதான் உங்களை இழுத்தவை. நம் ஊர் டாஸ்மாக் பாரில் இவற்றைத் தேடாதீர்கள். அது வேகமாகக் குடித்துவிட்டு வெளியேறும் இடம். பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும் வந்து உட்காரும் இடம் அல்ல.

தகடூர் என்று பெயர் பெற்றிருந்த நம் தருமபுரியை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவை பாடியது நினைவிருக்கிறதா? கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவிட்டுத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று அழுகிறாள். அவள் அழுவது கள்ளுக்காகவா? உடன் இருந்தவனுக்காக.

அந்த உடனிருப்பு டீக்கடையில் கிடைக்கும், ஆனால் முதல் நாளே கிடைக்காது. பென்னாகரம் சாலையில் ஏறக்குறைய பாதி வழியில் இண்டூர் இருக்கிறது. புளியமர நிழல் இன்னும் மிச்சமிருக்கும் பக்கமாகப் பார்த்து ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பாய்லர் கொதிக்கத் தொடங்கி, முதல் ஈடு போண்டா எண்ணெயில் இறங்கும் நேரத்துக்குப் போய்விடலாம். முதல் வாரம் உங்கள் கியர் சைக்கிளின் விலையைத்தான் கேட்பார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள். அடுத்த வாரமும் அதே கடைக்கு, அதே நேரத்துக்குப் போங்கள். கடை மாற்றாதீர்கள், அதுதான் முக்கியம். செய்தித்தாளின் நடுப்பக்கத்தைப் பெரியவர் ஒருவர் உங்களிடம் நீட்டும் நாளில், பெஞ்சில் உங்களுக்கென்று ஓர் இடம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். டீ பிடிக்காவிட்டால் கோடையில் கம்பங்கூழ் வண்டி இருக்கிறது. மோரும் சின்ன வெங்காயமும் சேர்ந்த அந்தக் கூழுக்கு, மிதித்து வந்த உடம்பு எவ்வளவு நன்றி சொல்லும் என்பதைக் குடித்துப் பார்த்தால்தான் தெரியும். வேறு திசை வேண்டுமென்றால் பாலக்கோடு பக்கம் போங்கள். தொப்பூர் கணவாய்ப் பக்கம் மட்டும் சைக்கிளைத் திருப்பாதீர்கள். எத்தனை விபத்துகளைப் பார்த்துவிட்டோம்.

ஒகேனக்கல்லை நான் விடச் சொல்லவில்லை. பாட்டிலைத்தான் விடச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் சைக்கிள்காரருக்கு அதைவிட நல்ல முடிவிடம் கிடையாது. அங்கே எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். 46 கிலோமீட்டர் மிதித்து இறுகிப்போன தொடையிலும் கெண்டைக்காலிலும் அவர்கள் கை ஓடும்போது, எந்த ஊர் பப்பும் நினைவுக்கு வராது. அனுமதித்த இடத்தில் குளித்துவிட்டு, மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பும் வறுவலுமாகச் சமைத்துத் தரும் பெண்கள் இருக்கிறார்கள். அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். மிளகாய் எவ்வளவு போட வேண்டும் என்பதிலிருந்து ஆற்றில் தண்ணீர் வரத்து வரைக்கும் பேச்சு நீளும்.

மனைவியையும் பிள்ளைகளையும் அன்றைக்கு பஸ்ஸில் நேராக அங்கே வரச் சொல்லுங்கள். அவர் தடுப்பது உங்கள் சைக்கிளை அல்ல என்றுதான் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. நீங்கள் எங்கே, என்ன நிலையில் இருக்கிறீர்கள் என்று தெரியாத மணி நேரங்கள் அவரை வதைக்கும். விருப்பம் இருந்தால் அவருக்கும் ஒரு சைக்கிள் வாங்குங்கள். இண்டூர் வரை இருவரும் சேர்ந்து போகலாம். பீர் வேண்டும் என்றால், சைக்கிளைப் பூட்டிவைத்த பிறகு, வீட்டில், அவருக்குத் தெரிந்து, ஒரு கிளாஸ். அதற்கு அவர் என்ன சொல்கிறாரோ அதை நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள்.

திரும்பும் ஏற்றத்துக்கு வீம்பு பிடிக்க வேண்டாம். குட்டி யானை வண்டிக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி சைக்கிளை ஏற்றிவிட்டு, குடும்பத்தோடு பஸ்ஸில் வந்துவிடுங்கள்.