கண்ணாடிக்கு முன்னால் பேச வரவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

கூட்டுக் குடும்பத்தில் வாழும் 38 வயதுப் பெண் நான். என் கொழுந்தனார் கேமராவும் மைக்கும் பொருத்திய ஸ்மார்ட் கண்ணாடி வாங்கியிருக்கிறார். பவர் லென்ஸ் போட்டது என்பதால் காலை முதல் இரவு வரை அதைக் கழற்றுவதில்லை. படம் பிடித்தால் முகப்பில் விளக்கு எரியும், வீட்டில் தான் எதையும் பிடிப்பதில்லை என்கிறார். அவர் நல்லவர், நானும் நம்புகிறேன். ஆனாலும் அவர் எதிரே உட்கார்ந்தால் என் பேச்சு சுருங்கிவிடுகிறது. சித்தப்பாவிடம் ஓயாமல் வாயாடும் என் 13 வயது மகளும் இப்போது ஒதுங்கிப் போகிறாள். கணவரிடம் சொன்னால், "என் தம்பியையே சந்தேகப்படுகிறாயா?" என்று கோபிக்கிறார். என் மனத்தில்தான் கோளாறா?

- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனத்தில் கோளாறு எதுவும் இல்லை. கொழுந்தனார் மீது நம்பிக்கையும் அவருடைய கண்ணாடி மீது கூச்சமும் ஒரே நேரத்தில் இருக்கலாம். உங்கள் கணவர் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் அவருக்குக் கோபம் வருகிறது. ஒருவர் கைபேசியை உயர்த்தினால் படம் எடுக்கப்போகிறார் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். சேலையைச் சரிசெய்யவோ, வேண்டாம் என்று சொல்லவோ ஒரு நொடியாவது கிடைக்கும். இந்தக் கண்ணாடியில் அந்த நொடி இல்லை. பார்ப்பதும் பதிவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், அந்தச் சிறிய விளக்கு எரிகிறதா என்று கவனித்துக்கொண்டே பேச வேண்டியிருக்கிறது. அப்படிக் காவல் இருக்கும்போது யாராலும் மனம்விட்டுப் பேச முடியாது.

இந்தக் கூச்சம் உங்களுக்கு மட்டும் வந்ததன்று. 2013-ல் கூகுளின் கேமரா பொருத்திய கண்ணாடியான 'கூகுள் கிளாஸ்' புழக்கத்துக்கு வந்தபோது, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மதுக்கூடம் ஒன்று அதை அணிந்து வரத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு கூகுள் நிறுவனமே, படமெடுக்கும் முன் பிறரிடம் அனுமதி கேளுங்கள் என்று பயனர்களுக்கு அறிவுரை எழுத நேர்ந்தது. 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கான விற்பனையும் நின்றது. அந்தக் கருவியைப் பார்த்த உடனே அடையாளம் காண முடிந்தது. இன்றையவை சாதாரண மூக்குக்கண்ணாடி போலவே இருப்பதால், எதிர்ப்பைச் சொல்வதற்கே தயக்கம் வருகிறது என்று நினைக்கிறேன். நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தனிமனிதர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. எனவே எல்லையை வீட்டார்தான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

கணவர் வழியாகச் சொல்லி அனுப்பாமல் கொழுந்தனாரிடம் நீங்களே பேசுங்கள். "தம்பி, உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் எனக்குப் பேச வரவில்லை. வீட்டில் இருக்கும்போது சாதாரணக் கண்ணாடி போட்டுக்கொள்ள முடியுமா?" என்று கேட்கலாம். அணைத்து வைக்கிறேன் என்பார். அணைந்திருப்பது அவருக்குத் தெரியும், எதிரில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். அதே பவரில் இன்னொரு கண்ணாடி செய்துகொள்வது அவருக்குப் பெரிய சிரமமாக இராது.

அதற்கு முன் மகளிடம் தனியே பேசுங்கள். அவள் ஒதுங்குவதற்குக் கண்ணாடிதான் காரணம் என்று நீங்களே முடிவுகட்டிக் கேட்க வேண்டாம். காரணம் வேறாகவும் இருக்கலாம். அவள் தன் வார்த்தைகளில் சொல்லட்டும், குறுக்கிடாமல் கேளுங்கள். அதன் பிறகே கொழுந்தனாரிடம் பேச உட்காருங்கள்.