ரீல்ஸால் மனச்சோர்வா, மனச்சோர்வால் ரீல்ஸா?

கேள்வி: எனக்கு வயது 42. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. இரவு பத்தரைக்குப் படுத்தால் ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்று ஒரு மணி வரை போய்விடுகிறது. காலையில் எழவே முடிவதில்லை. நான்கு மாதமாக எதிலும் பிடிப்பு இல்லை. ஞாயிறுதோறும் ஷட்டில் விளையாடப் போவேன், அதையும் விட்டுவிட்டேன். வேலையில் தப்பு வருகிறது. எல்லாம் அந்த செல்போனால் வந்தது என்கிறார் மனைவி. போனை விட்டால் சரியாகிவிடுமா? மனநல மருத்துவரைப் பார்க்கும் அளவுக்கு இது பெரிய விஷயமா?

பதில்: ஆமாம், மருத்துவரைப் பாருங்கள். போனையும் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் ‘முதலில் போனை விட்டுப் பார்ப்போம், சரியாகாவிட்டால் மருத்துவர்’ என்று வரிசை போடாதீர்கள். அப்படிக் காத்திருந்தே ஆறு மாதம், ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டு வருபவர்கள் நிறைய.

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது ஷட்டிலை விட்டது. பிடித்த ஒன்று பிடிக்காமல் போவது மனச்சோர்வின் இரண்டு முக்கிய அறிகுறிகளில் ஒன்று. மற்றொன்று, மனம் கனத்தே கிடப்பது. கடந்த இரண்டு வாரங்களை மட்டும் நினைத்துக்கொண்டு இந்த இரண்டுக்கும் மதிப்பெண் போடுங்கள்: ஒருநாளும் இல்லையென்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுப் பரிசோதனை தேவை. மருத்துவர் இதையே ஒன்பது கேள்விகளாக (பிஎச்கியூ-9) கேட்பார். மொத்தம் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிய கட்டம். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா என்பது. அதற்கு மட்டும் 0 தவிர எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே போக வேண்டும்.

இனி, மனைவி சொல்வது எவ்வளவு சரி? ஓரளவு சரி. 2018-இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 143 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் தினம் 10 நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டனர். மூன்று வாரத்தில் அவர்களுக்குத் தனிமை உணர்வும், ஏற்கெனவே சோர்வு கூடுதலாக இருந்தவர்களுக்கு அந்தச் சோர்வும் குறைந்தது. அதே ஆண்டு அமெரிக்க இடைக்காலத் தேர்தல் சமயத்தில் நடந்த பெரிய ஆய்வில், ஃபேஸ்புக்கை நான்கு வாரம் அணைத்து வைத்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிலையும் மேம்பட்டது, ஆனால் கொஞ்சம்தான். பலன் உண்டு, நான்கு மாத மனச்சோர்வை அது மட்டுமே தூக்கி நிறுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

காரணம், இந்த உறவு இரண்டு பக்கமும் ஓடுகிறது. தூக்கம் கெட்டால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது. மனச்சோர்வு வந்துவிட்டால் முயற்சி கேட்கும் எந்த வேலையும் மலையாகத் தெரிகிறது. ஷட்டில் பேட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவதுகூட. ரீல்ஸுக்கு எழ வேண்டாம், பேச வேண்டாம், எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கக்கூட வேண்டாம். கட்டைவிரல் போதும். இன்னொன்றையும் இன்று இரவே கவனியுங்கள். போனைக் கீழே வைத்து விளக்கை அணைத்த இரண்டாவது நிமிடம் என்ன நினைப்பு வருகிறது? கடன், மேலாளர் சொன்ன சொல், எப்போதோ செய்த தப்பு என்று வரிசையாக வருமானால், போன் அவற்றைத் தள்ளிப்போடத்தான் பயன்பட்டிருக்கிறது. அதனால்தான் ஞாயிறு இரவு ஆப்பை அழிப்பவர் புதன்கிழமை மறுபடி ஏற்றிவிடுகிறார். மன உறுதி இல்லாததால் அல்ல. இருட்டில் அந்த நினைப்புகளோடு தனியாகப் படுக்க முடியாததால்.

ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது தூக்கம். அதற்கும் படுக்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளாமல் எழும் நேரத்தைப் பிடியுங்கள். 6.30 என்றால் ஞாயிறும் 6.30. இப்போது ஒரு மணிக்குத் தூங்குகிறவர் நாளைக்கே பத்தரைக்கு விளக்கை அணைத்தால் இரண்டரை மணி நேரம் புரண்டுகொண்டிருப்பார், கை தானாகப் போனைத் தேடும். முதல் சில நாள் 12 மணிக்குப் படுங்கள். உடனே தூக்கம் வர ஆரம்பித்ததும் மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். படுத்து ஏறக்குறைய 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். பழைய வாரப் பத்திரிகை போதும். கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். பிற்பகல் 2 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். இரவு வரும் கவலைகளுக்கு மாலை 7.30-க்கு 15 நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, பக்கத்தில் ‘அடுத்து செய்ய வேண்டியது’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

போன் இரவில் ஹாலில் சார்ஜ் ஆகட்டும். அலாரத்துக்காகத்தானே பக்கத்தில் வைக்கிறோம் என்பார்கள். சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிவிடுங்கள். ஊரிலிருந்து பெற்றோர் அவசரத்துக்கு அழைப்பார்களே என்ற பயத்துக்கும் வழி உண்டு: ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டு, குறிப்பிட்ட எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி விலக்கு கொடுக்கலாம். (திரையின் நீல ஒளியைக் குறைத்து மஞ்சளாக்கினால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, காகிதப் புத்தகம் படித்தவர்களைவிடத் தூக்கம் வர சுமார் 10 நிமிடம்தான் கூடுதலாக ஆனது. நீங்கள் இழப்பது இரண்டரை மணி நேரம். தூக்கத்துக்கென்று ‘ப்ளூ கட்’ கண்ணாடிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.)

பகல் நேரத்துக்கு, ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’, ஐபோன் என்றால் ‘ஸ்கிரீன் டைம்’ திறந்து ஒரு வாரக் கணக்கைப் பாருங்கள். மொத்த மணி நேரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். அதில் அலுவலக வாட்ஸ்அப்பும் மேப்பும் சேர்ந்திருக்கும். எந்த ஆப், எந்த நேரம் என்பதே முக்கியம். அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் 30 நிமிட டைமர் வையுங்கள். பின் நம்பரை மனைவியிடம் கொடுக்கும் யோசனை எனக்குப் பிடிக்காது. அவர் காவல்காரராகிவிடுவார், சோர்வோடு சண்டையும் சேரும். யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்து, வாட்ச் ஹிஸ்டரியையும் அழித்து நிறுத்திவைத்தால் முகப்புப் பக்கம் ஏறக்குறைய காலியாகிவிடும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மிச்சமாகும் நேரத்தை வெறுமனே விட்டால் பழைய இடத்துக்கே திரும்புவீர்கள். தோன்றும்போது போகலாம் என்று காத்திருந்தால் ஷட்டிலுக்குப் போகவே மாட்டீர்கள். மனச்சோர்வில் விருப்பம், செய்த பிறகுதான் வரும். முதல் ஞாயிறு விளையாட வேண்டாம், மைதானத்துக்குப் போய் 15 நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். போவதற்கு முன்னும் வந்த பின்னும் மனநிலைக்கு பத்துக்கு எத்தனை என்று குறித்து வையுங்கள். 3 என்பது 4 ஆனாலே போதும். வார நாட்களில் வேலை முடிந்து வந்ததும் சோபாவில் உட்காருவதற்கு முன் 20 நிமிட நடை.

ஒன்றை மறைக்காதீர்கள்: இரவு நேரத்தில் ஆன்லைன் ரம்மி, டிரேடிங், கடன் ஆப் என்று பணம் போகிறதா? அதற்கு அணுகுமுறையே வேறு, தற்கொலை எண்ணத்தின் ஆபத்தும் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்ட நோயும் கேமிங் நோயும் இடம்பெற்றுள்ளன. ரீல்ஸ் அடிமை என்று ஒரு நோய் அதில் கிடையாது.

மருத்துவர் பெரும்பாலும் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, வைட்டமின் பி12 பார்க்கச் சொல்வார். தைராய்டு குறைவும் இதே முகத்தோடு வரும். எப்போதாவது மூன்று நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, தாறுமாறாகச் செலவு செய்த நாட்கள் இருந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக (பைபோலார்) இருந்தால் மருந்தே மாறும். மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதல் வாரத்தில் குமட்டல் இருக்கலாம். தூக்க மாத்திரைபோல் பழக்கமாகிவிடாது. ஆனாலும் சரியானதும் சட்டென்று நிறுத்தக் கூடாது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும். மருந்துக்கடையில் கேட்டு தூக்க மாத்திரை வாங்கிப் போடும் வேலை மட்டும் வேண்டாம்.

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 (டெலி-மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் பேசலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசுவார்கள். போகும்போது ஒரு வாரப் போன் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்டையும் மனநிலை எண்களையும் எடுத்துச் செல்லுங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள். இரவில் குறட்டை விடுகிறீர்களா, இடையில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். பகல் சோர்வுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.