கத்தியில்லாச் சிகிச்சைக்கு முன்: கர்ப்பப்பைக் கட்டி குறித்த கேள்விகள்

தக்கலை, வயது 44: எனக்குக் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு என்னும் புற்றல்லாத தசைக்கட்டி இருக்கிறது. ரத்தக்குழாயை அடைத்துக் கட்டியைச் சுருக்கும் எம்போலைசேஷன் செய்யலாம் என்கிறார்கள். கட்டிக்குள் புற்றுநோய் ஒளிந்திருந்தால் என்ன ஆகும்?

அஞ்ச வேண்டாம், ஆனால் இந்தக் கேள்வியைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டது மிகச் சரி. அறுவை செய்து எடுத்த கட்டி திசு ஆய்வுக்குப் போகும். எம்போலைசேஷனிலும், ஒலியலையால் சுடும் ஹைஃபூ சிகிச்சையிலும் கட்டி உடலுக்குள்ளேயே இருப்பதால், அது சார்க்கோமா என்னும் புற்றாக இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கத் திசு கிடைக்காது. ஃபைப்ராய்டு என்று கருதி அறுவை செய்யப்பட்டவர்களில் ஏறக்குறைய 350 பேரில் ஒருவருக்குச் சார்க்கோமா இருந்ததாக 2014-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மதிப்பிட்டது. அதன்பின் வந்த சில மதிப்பீடுகள் இதைவிடக் குறைவு. வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும்.

சாதாரண அல்ட்ராசவுண்ட் ஃபைப்ராய்டையும் சார்க்கோமாவையும் நம்பகமாகப் பிரித்துக் காட்டாது. படத்தைத் தெளிவாக்க ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்துடனும், திசுவில் நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படங்களுடனும் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனே இன்று நமக்குள்ள சிறந்த துணை. வழக்கமான ஃபைப்ராய்டு அதில் தெளிவான விளிம்புடன் கருமையாகத் தெரியும். ஒழுங்கற்ற விளிம்பு, உள்ளே ரத்தக்கசிவு, மருந்து ஏறாத அழுகிய பகுதி, டிஃப்யூஷன் படத்தில் பளிச்சென்ற ஒளி ஆகியவை சேர்ந்து தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். சிதைந்துவரும் சாதாரணக் கட்டியும் சில நேரம் இப்படியே தோன்றும் என்பதால், படத்தை இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ.யில் பழகிய ரேடியாலஜிஸ்ட் பார்ப்பது அவசியம்.

குளச்சல்: கர்ப்பப்பை உள்வரிப் பயாப்சியில் புற்று இல்லை என்று வந்துவிட்டது. அது போதாதா?

போதாது. அந்தப் பயாப்சி உள்வரியில் தோன்றும் புற்றைக் காட்டும். சார்க்கோமா பெரும்பாலும் தசைச் சுவரில் தொடங்குவதால், அந்தப் பரிசோதனைக்குத் தப்பிவிடலாம். ஆயினும் 45 வயதுக்கு மேல் ஒழுங்கற்ற ரத்தப்போக்கு உள்ளவர்கள் இந்தப் பயாப்சியைத் தவிர்க்கக் கூடாது. சி.ஏ. 125 என்னும் புற்றுக் குறியீட்டு ரத்தப் பரிசோதனையும் சார்க்கோமா உண்டா என்பதைத் தீர்மானிக்காது.

மணவாளக்குறிச்சி: எங்கள் ஊர்க் கடல்மணலில் உள்ள கதிர்வீச்சால் இது வருமா?

நம் கடற்கரை மணலைப் போன்றே மோனசைட் என்னும் கதிரியக்கக் கனிமம் நிறைந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. சார்க்கோமாவின் அபாயக் காரணிகளாக அறியப்பட்டவை வேறு: முன்பு இடுப்புப் பகுதிக்குப் பெற்ற கதிர் சிகிச்சை, மார்பகப் புற்றுக்காக ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட டாமோக்சிஃபென் மாத்திரை. இவற்றுள் ஏதேனும் இருந்தால் மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்: அம்மாவுக்கு 58 வயது. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளாகியும் கட்டி பெரிதாகிறது. ஹைஃபூ செய்யலாமா?

கூடாது. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் குறைவதால் ஃபைப்ராய்டு சுருங்குவதே இயல்பு. ஹார்மோன் மாத்திரை எதுவும் எடுக்காமலே அது வளர்ந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை புற்றெனவே சந்தேகிக்க வேண்டும். (மாதவிடாய் நிற்காதவர்களுக்குக் கட்டி வேகமாக வளர்வது மட்டும் அத்தகைய அடையாளமன்று.) அம்மாவைத் தாமதிக்காமல் பெண்களுக்கான புற்றுநோய் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. கட்டியை வயிற்றுக்குள் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தால் புற்று பரவக்கூடும் என்பதால், முழுதாக எடுப்பார்களா என்று அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.