மின்பாதைப் பணியில் கையை இழந்த தம்பி: இழப்பீடு தர வேண்டியவர் யார்?

கேள்வி:

என் தம்பிக்கு வயது 28. கயத்தாறு பக்கம் ஒரு தனியார் காற்றாலை நிறுவனம், ஏற்கெனவே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் தன் 33 கே.வி. மின்பாதையின் கம்பங்களிலேயே இரண்டாவது சர்க்யூட் (தனி மின்கம்பித் தொகுதி) இழுக்கும் வேலையை ஒரு பெரிய ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. அந்த நிறுவனம் அதை ஒரு துணை ஒப்பந்ததாரரிடம் விட்டது. அவரிடம்தான் தம்பி மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தான். 2025 ஆகஸ்டில், "லைன் ஆஃப் ஆயிடுச்சு, ஏறு" என்று சூப்பர்வைசர் செல்போனில் சொன்னதை நம்பி, ஜம்பர் (கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி) போடக் கம்பத்தில் ஏறியவனை மின்சாரம் தாக்கியது. வலது கையை முழங்கைக்குச் சற்று மேலே எடுத்துவிட்டார்கள். மருத்துவமனைக்கு 1.5 லட்சம் ரூபாய் கட்டிய துணை ஒப்பந்ததாரர், மேலும் 3 லட்சம் தருவதாகவும், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதித் தர வேண்டும் என்றும் சொல்கிறார். கையுறை போடாதது தம்பியின் தவறு என்கிறார். பெரிய நிறுவனமோ, மஸ்டர் ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) அவன் பெயரே இல்லை என்கிறது. எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் இன்னும் அதே வேலையில் இருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

வாசகர், சங்கரன்கோவில் வட்டம்

பதில்:

முதலில், அந்த முத்திரைத்தாளில் உங்கள் தம்பி கையெழுத்திட வேண்டாம். அவருக்குச் சட்டப்படி சேர வேண்டிய தொகை, அவர்கள் பேசும் தொகையைப் போலப் பல மடங்கு.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. ஆனால் இழப்பீட்டு உரிமை விபத்து நடந்த நாளிலேயே பிறந்துவிடுகிறது. உங்கள் தம்பியின் விபத்து அதற்கு முந்தையது என்பதால், பழைய சட்டம் அவருக்குத் தந்த உரிமை அப்படியே நிற்கிறது. எதிர்த் தரப்பு இதை ஒரு சிக்கலாகக் கிளப்பாமல் இருக்க, மனுவில் 1923 சட்டத்தின் பிரிவுகளோடு பழைய சட்டத்தின்கீழான உரிமைகளைக் காக்கும் புதிய தொகுப்பின் 164-ஆம் பிரிவையும் சேர்த்துக் குறிப்பிடச் சொல்லுங்கள். பழைய சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பணியாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட்டாக வேண்டும். கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி, யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வருவோம். துணை ஒப்பந்ததாரர்தான் நேரடி முதலாளி. அவர் பொறுப்பில் ஐயமே இல்லை. ஆனால் அவரிடம் சொத்தோ காப்பீடோ இல்லாமல் போனால் உத்தரவு வெறும் காகிதமாகிவிடும் என்பதால்தான், சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தன் வழக்கமான தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தத்தில் விடுபவரையும் தொழிலாளிக்கு நேரடியாகப் பொறுப்பாக்குகிறது. காற்றாலை நிறுவனம், "எங்கள் தொழில் மின் உற்பத்தி, மின்பாதை கட்டுவது எங்கள் தொழிலல்ல" என்று வாதிடக்கூடும். உற்பத்தியான மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் பாதை இல்லாமல் அந்தத் தொழிலே நடக்காது என்பது நம் பதில். அந்த வாதம் ஒருவேளை எடுபட்டாலும், நடுவிலுள்ள பெரிய ஒப்பந்த நிறுவனத்துக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. மின்பாதை கட்டுவதுதான் அதன் தொழில். எனவே மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். துணை ஒப்பந்ததாரர் பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தை நான்காவதாகச் சேருங்கள். யார் யாரிடம் திரும்பப் பெறுவது என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. அதற்காக உங்கள் தம்பி காத்திருக்க வேண்டியதில்லை.

மஸ்டர் ரோலில் பெயர் இல்லை என்பது அவர்கள் செய்த குறை. பதிவேட்டை ஒழுங்காக வைக்காதவர் அந்த ஒழுங்கின்மையையே தனக்குக் கேடயமாக்கிக்கொள்ள முடியாது. இருந்தாலும், உங்கள் தம்பி அங்கே வேலை பார்த்தார் என்பதை நாம்தான் காட்ட வேண்டும். சம்பளம் ஜிபேயில் வந்திருந்தால் வங்கிக் கணக்கு விவரம், வேலைக் குழுவின் வாட்ஸ்அப் செய்திகள், காலையில் பாதுகாப்பு உறுதிமொழி எடுக்கும்போது தலைக்கவசத்துடன் வரிசையில் நிற்கவைத்து எடுக்கும் படம், துணை மின் நிலைய வாயிற்பதிவேடு ஆகியவை போதும். அந்தச் செல்போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். அதிலுள்ள செய்திகளைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அரசு மருத்துவமனையில் முதலில் சேர்த்தபோது எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலை வாங்குங்கள். எந்த இடத்தில், என்ன வேலையின்போது மின்சாரம் தாக்கியது என்று, யாரும் வழக்கைப் பற்றி யோசிக்காத நேரத்தில் எழுதப்பட்ட வரி அதில் இருக்கும்.

கையுறை விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிர்த் தரப்பின் முழு வாதமும் அதன் மேல்தான் நிற்கப்போகிறது. 3-ஆம் பிரிவின்படி தொழிலாளியின் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்புக்கான தெளிவான உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தைத் தெரிந்தே கழற்றியது என்ற மூன்றில் ஒன்றை முதலாளி நிரூபிக்க வேண்டும்; அப்படி நிரூபித்தாலும், மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அது செல்லாது. கையுறை கொடுக்கப்பட்டதா, அதற்குக் கையெழுத்து வாங்கிய பதிவேடு உண்டா என்று கேளுங்கள்.

உண்மையில், அந்த விபத்தைத் தடுத்திருக்க வேண்டியது கையுறை அல்ல. மின்பாதை வேலையில் இருப்பவர்கள் அனைவருக்கும் தெரிந்த வரிசை இது: துணை மின் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாக எல்.சி. (லைன் கிளியர், அதாவது பாதையில் வேலை செய்யும் அனுமதி) வாங்க வேண்டும், ஃபீடரை (அந்தப் பாதைக்கு மின்சாரம் தரும் இணைப்பை) அணைத்து, பாதையைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்ட வேண்டும். கம்பத்தில் மின்சாரம் இல்லை என்று சோதனைக் கருவியால் உறுதிசெய்ய வேண்டும். பிறகு வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும், கம்பிகளை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராடு மாட்ட வேண்டும். அதற்குப் பிறகே ஆள் ஏற வேண்டும். உங்கள் தம்பியைத் தாக்கிய மின்சாரம், சொன்ன சர்க்யூட்டை அணைக்காமல் வேறொன்றை அணைத்ததால் வந்திருக்கலாம். மறுமுனையிலிருந்து திரும்பி வந்திருக்கலாம். அருகே மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த கம்பிகளின், தொடாமலே மின்சாரத்தை ஏற்றும் இண்டக்‌ஷனால் அணைந்த கம்பியில் ஏறியிருக்கலாம். மூன்றில் எது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. மூன்றுக்கும் காப்பு ஒன்றுதான்: சோதனையும் இருபுற எர்த்தும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், கம்பியைத் தொடும் முன் எர்த் செய்வதையும், உரிய அதிகாரம் பெற்றவரே அதில் வேலை செய்வதையும், கையுறை, இடுப்புப் பட்டை, லைன் டெஸ்டர் முதலியவற்றை வழங்குவதையும் கட்டாயமாக்குகின்றன. ஆகஸ்ட் காற்று சீசன். ஃபீடரைச் சிறிது நேரம் நிறுத்தினாலும் உற்பத்தி போகும். அந்த அவசரத்தில் எழுத்துக்குப் பதில் செல்போனில் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒரு மனிதரை 33,000 வோல்ட் கம்பியருகே ஏற்றியதைத் தொழிலாளியின் தவறு என்று சொல்வதை நான் மிகுந்த வருத்தத்துடன்தான் படிக்கிறேன்.

ஆகவே இன்றே ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, அன்றைய எல்.சி. புத்தகம், துணை மின் நிலையப் பணிப் பதிவேடு, பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) எப்போது திறந்து மூடியது என்று தானாகப் பதிவாகும் ரிலே பதிவு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்கக் கோருங்கள். மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆம் பிரிவுப்படி இத்தகைய விபத்தை மின் ஆய்வாளருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவித்தார்களா, விசாரணை அறிக்கை என்ன சொல்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மின் ஆய்வுத் துறையிடம் கேட்டுப் பெறலாம். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் பெற்றதற்கான ரசீதோடு) நிறுத்தியிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(பி) பிரிவில் முதல் தகவல் அறிக்கை பதியக் கோரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். அதன் பிறகும் பதியாவிட்டால் நீதித்துறை நடுவரை அணுகலாம்.

தொகைக் கணக்கு இதுதான். சம்பளம் 18,000 என்றாலும் சட்டம் கணக்கில் எடுக்கும் உச்ச வரம்பு 15,000 ரூபாய். அதில் 60 விழுக்காடு 9,000. சட்ட அட்டவணையில் 28 வயதுக்குரிய காரணி (பெருக்கும் எண்) 211.79. பெருக்கினால் 19,06,110 ரூபாய். இது முழு ஊனத்துக்குரிய தொகை. எதிர்த் தரப்பு முதல் அட்டவணையைக் காட்டி, முழங்கையை ஒட்டிக் கை போனதற்கு 70 விழுக்காடுதான், அதாவது 13,34,277 ரூபாய்தான் என்று சொல்லும். அதை ஏற்க வேண்டாம். பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாச சபதா வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம், முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த ஒரு தச்சர் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அது முழு ஊனமே என்று தீர்ப்பளித்தது. கம்பம் ஏறுபவருக்கு, அதுவும் வலது கை போனவருக்கு, அந்த நியாயம் இன்னும் வலுவாகப் பொருந்தும். அதே தீர்ப்பு, இழப்பீடு விபத்து நாளிலேயே கொடுபடத் தக்கதாகிறது என்றும் சொல்கிறது. எனவே 12 விழுக்காடு வட்டியையும், காரணமின்றித் தாமதித்ததற்கு 50 விழுக்காடு வரையிலான அபராதத்தையும் 4ஏ பிரிவின் கீழ் கேளுங்கள். அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது. முதலாளிதான் கட்ட வேண்டும்.

துணை ஒப்பந்ததாரர் மருத்துவமனைக்குக் கட்டிய 1.5 லட்சத்தை இழப்பீட்டில் கழிக்க முடியாது. சிகிச்சைச் செலவு தனி, அதில் நீங்கள் கட்டிய மீதியையும் ரசீதுகளுடன் கோரலாம். முத்திரைத்தாள் ஒப்பந்தமோ 17-ஆம் பிரிவுப்படி இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் அளவுக்குச் செல்லாது. ஆணையரிடம் பதியாத ஒப்பந்தத்தின்படி பணம் கொடுத்திருந்தாலும், முழு இழப்பீட்டையும் தர வேண்டும் என்றும், கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது என்றும் 29-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் கையெழுத்திட்டுவிட்டு அதை முறியடிக்க ஓராண்டு வாதாடுவதைவிட, இடாமல் இருப்பது மேல்.

இரண்டு எச்சரிக்கைகள். தம்பிக்கு இ.எஸ்.ஐ. பதிவு இருந்திருந்தால் இந்த மனு செல்லாது. ஊனப் பயன்களை அங்கேதான் பெற வேண்டும், ஆகவே அதை முதலில் சரிபாருங்கள். அடுத்து, உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டால் இந்த வழி அடைபடும். அங்கே சம்பள உச்சவரம்பு இல்லை என்பது உண்மை. ஆனால் முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், ஆண்டுகள் ஓடும். 28 வயதில் வருமானம் நின்றுபோன ஒருவருக்கு நான் பணியாளர் இழப்பீட்டு ஆணையரிடம் போகும் வழியையே பரிந்துரைப்பேன். விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் வசிக்கும் இடத்திலோ மனு போடலாம். உத்தரவுக்கு எதிராக முதலாளி மேல்முறையீடு செய்ய வேண்டுமென்றால் முழுத் தொகையையும் முதலில் கட்ட வேண்டும்.

உங்கள் ஊர்ப் பையன்களின் நிலை இதைவிட அவசரமானது. இப்போது நடைமுறையில் உள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 14-ஆம் பிரிவு, உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்க உரிமை தருகிறது. முதலாளி உடனே சரிசெய்ய வேண்டும், ஏற்கவில்லை என்றால் ஆய்வாளரின் முடிவே இறுதி. பாதுகாப்புக் கடமை மீறப்பட்டதால் ஒருவர் இறந்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ 5 லட்சத்துக்குக் குறையாத அபராதமோ இரண்டுமோ விதிக்க 103-ஆம் பிரிவு இடம் தருகிறது. அவர்கள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செல்போனில் "ஏறு" என்று சொல்லும்போது, "எல்.சி. எண்ணை அனுப்புங்கள், இரு பக்கமும் எர்த் ராடு மாட்டிய பிறகு ஏறுகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் பதில் எழுதச் சொல்லுங்கள். அதே செய்தியின் நகலைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். பெயர் போட்டு எழுதத் தயங்கினால், விபத்தில் பாதிக்கப்பட்டவரின் அண்ணன் என்ற முறையில் நீங்களே அந்தப் புகாரை எழுதலாம்.