மாமா படுக்கையில் இருக்கும்போது ஹட்டனுக்குப் போகலாமா?

கேள்வி: இலங்கையின் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் 1964-இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. அம்மாவும் தாய்மாமாவும் இலங்கை மலையகத்தில் ஹட்டன் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தவர்கள். தகப்பன் இல்லாத என்னைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் மாமாதான். அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்து கல்லீரலுக்கும் பரவிவிட்டது. மஞ்சள் காமாலை இறங்குவதற்காகப் பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நோயின் பெயரை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. ஹட்டனில் இருக்கும் அவருடைய பால்ய சிநேகிதர் வீட்டார் பல வருடங்களாக அழைத்ததால், ஜனவரியில் நானும் கணவரும் மூன்று வாரம் தங்கி வர டிக்கெட் எடுத்திருந்தோம். மாமா "போய்ட்டு வாம்மா" என்கிறார். அத்தையோ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகலாமா? போகாவிட்டால் பயணக் காப்பீட்டில் பணம் திரும்புமா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் மூன்று வாரம் வேண்டாம். பயண நாட்களையும் சேர்த்து ஒரு வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள். அதுவும் மாமாவின் உடல்நிலை இப்போது எந்த வேகத்தில் மாறிவருகிறது என்பதைப் பார்த்த பிறகுதான்.

இந்த வேகத்தைக் கணிக்க, முற்றிய நோயாளிகளைப் பராமரிக்கும் மருத்துவர்கள் கைக்கொள்ளும் எளிய முறை ஒன்று உண்டு. சென்ற மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் இடையில்தான் மாற்றம் தெரிகிறது என்றால் கையில் சில மாதங்கள் இருக்கக்கூடும். வாரத்துக்கு வாரம் தளர்ச்சி கூடினால் வாரக்கணக்கு. நேற்று எழுந்து உட்கார்ந்தவர் இன்று உட்கார முடியவில்லை என்றால் நாட்கணக்கு. பகலில் எத்தனை மணி நேரம் படுத்திருக்கிறார், கஞ்சியில் எவ்வளவு இறங்குகிறது, கழிவறைக்குத் தாமே நடந்து போகிறாரா என்பவற்றை அத்தையின் உதவியோடு பத்து நாட்கள் குறித்து வைத்து, அந்தக் குறிப்புடன் மருத்துவரைப் பாருங்கள். "எத்தனை நாள் இருப்பார்?" என்று கேட்டால் எந்த மருத்துவரும் நழுவத்தான் பார்ப்பார். "நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்துக்குள் அவர் இறந்துவிட்டால் உங்களுக்கு அது எதிர்பாராததாக இருக்குமா?" என்று கேளுங்கள். "எதிர்பாராததுதான்" என்ற பதில் வந்தால் கிளம்பலாம். அவர் தயங்கினால் பயணத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, மாமாவின் "போய்ட்டு வாம்மா". நம் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளின் காலைக் கட்டக்கூடாது என்பதற்காகவே அப்படிச் சொல்வார்கள்; அதை மட்டும் அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது. "நான் போகட்டுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதாலும் பயனில்லை, அதே பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "அந்த வீட்டில் யாரிடம் என்ன சொல்லட்டும் மாமா? தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எதைப் பார்த்துவிட்டு வரட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஆட்களின் பெயரையும் இடத்தையும் சொல்லத் தொடங்கினால், அந்தப் பயணத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று பொருள். பேச்சை மாற்றினாலோ, எந்தத் தேதியில் திரும்புவாய் என்பதையே கேட்டுக்கொண்டிருந்தாலோ, நீங்கள் பக்கத்தில் இருப்பதைத்தான் அவர் விரும்புகிறார்.

நோயின் பெயரை மறைத்திருப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. கோயம்புத்தூரில் அந்த வார்டில் படுத்து எழுந்தவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பது நம் வசதிக்காகத்தான். அவராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். உண்மை தெரிந்த மனிதருக்குத்தான் பழைய சிநேகிதருடன் வீடியோ அழைப்பில் பேசி விடைபெறும் வாய்ப்புக் கிடைக்கும். அந்த அழைப்புக்காக நீங்கள் ஹட்டன் போய்ச் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அவர் தெளிவாகப் பேசக்கூடிய ஒரு காலை நேரத்தில், இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள்.

அத்தையின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் போனால் இரவில் கண்விழிப்பவர் அவர் ஒருவரே. ஆகவே கிளம்புவதற்கு முன்பே வந்து தங்கும்படி உறவினர் ஒருவரை ஏற்பாடு செய்து, இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொடுங்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வரும், கண்ணில் மஞ்சள் மீண்டும் ஏறும். அப்போது கைவைத்தியம், கீழாநெல்லி என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்திருந்தால், பழக்கமாகிவிடும் என்று பயந்து வேளை தவறவிடக் கூடாது. அது மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் அதற்கான மருந்தையும் மருத்துவர் சொன்னபடி சேர்த்தே தர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு; உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரை இப்போதே பதிந்துவிடுங்கள்.

திரும்பி வரும் வழியையும் கணக்கிட்டுப் பாருங்கள். திருச்சிக்கும் கொழும்புக்கும் இடையே விமானத்தில் ஒரு மணி நேரம்தான் என்றாலும், ஹட்டனிலிருந்து கொழும்பு அருகே உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு மலையிறங்கி வருவதும், திருச்சியிலிருந்து கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்கு ஏறுவதும் சேர்ந்தால் ஒரு முழு நாள் போய்விடும். அதுவும் அன்றைய விமானத்தில் இடம் கிடைத்தால். ஏதாவது நேர்ந்தால் உங்களுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பதை அத்தையிடமும் பங்காளிகளிடமும் இப்போதே பேசிவிடுங்கள். கேட்கச் சங்கடமான பேச்சுதான், ஆனால் தொலைபேசியில் அழுதுகொண்டே பேசுவதைவிட மேல். ஹட்டன் வீட்டாரிடமும் நிலைமையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்காக விருந்தும் சொந்தக்காரர் வீட்டு அழைப்புகளும் வரிசைகட்டி நிற்க, இன்னும் இரண்டு நாள் இருந்து போங்கள் என்ற உபசாரத்தை மறுக்க முடியாமல் தவிப்பீர்கள்.

காப்பீட்டுப் பணத்தை அதிகம் நம்ப வேண்டாம். பாலிசி எடுக்கும் முன்பே கண்டறியப்பட்ட நோயால் பயணம் ரத்தானால் பெரும்பாலான நிறுவனங்கள் தருவதில்லை. 'நெருங்கிய குடும்பத்தினர்' என்ற பட்டியலிலும் தாய்மாமா பொதுவாக இடம்பெறுவதில்லை. பாலிசித் தாளில் அந்த இரண்டு பிரிவுகளையும் படித்துவிட்டு, திரும்பும் தேதியை முன்னுக்கு மாற்ற விமான நிறுவனம் எவ்வளவு கட்டணம் கேட்கிறது என்பதை இன்றே விசாரியுங்கள். புறப்படும் நாள் நெருங்க நெருங்க அந்தக் கட்டணம் ஏறத்தான் வாய்ப்பு அதிகம்.